பதினோராம் அத்தியாயம்

எது நல்ல நாவல் என்ற கேள்விக்கு முப்பது வருஷம் வகுப்பில் பதில் சொன்னவர் பேராசிரியர் திரவியம். அதே கேள்வியோடு அவர் ஒரு சீடனாகப் போய் நின்றது அறுபத்தோராவது வயதில், ஒரு மத்திய சிறைக்குள். குரு அவரைவிடப் பதினேழு வயது இளையவர். பெயர் மாசாணம். ஆயுள் கைதி.

சிறை நூலகம் நெசவுக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரே அறை. ஐந்து இரும்பு அலமாரிகள், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். பகல் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மாசாணம் அங்கே பன்னிரண்டு வருஷமாகப் பொறுப்பில் இருந்தார். வரப்புத் தகராறில் கூடப்பிறந்த அண்ணனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர். உள்ளே வந்தபோது அவருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது இருபத்தேழாவது வயதில், இதே சிறையில். ஆனாலும் கைதிகளும் வார்டர்களும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பேராசிரியருக்கு அது முதல் நாளே உறுத்தியது.

பேராசிரியர் உள்ளே வந்த கதை சின்னது. கல்லூரியில் ஓய்வு பெற்ற அன்று மாலை நண்பர்கள் விருந்து வைத்தார்கள். இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுத் தானே காரை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. தீப்பெட்டி ஆலையில் வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த செண்பகவல்லி என்ற பெண்மேல் கார் மோதியது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. கார் நிற்காமல் போய்விட்டது என்று போலீஸ் எழுதியது. நாய் ஏதோ குறுக்கே விழுந்தது என்று நினைத்தேன், மழையில் ஒன்றும் தெரியவில்லை என்று பேராசிரியர் கோர்ட்டில் சொன்னார். கீழ்க்கோர்ட் நம்பவில்லை. ஐந்து வருஷம் போட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. வக்கீல் நம்பிக்கையாகப் பேசினார். அவருடைய நம்பிக்கை முழுவதும் அந்த நாயின்மேல்தான் நின்றது.

நடந்தது வேறு. அவர் காரை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்தார். ரோட்டோரப் பள்ளத்தில் அவள் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவரைப் பார்த்து, "சைக்கிளுக்கு ஏதும் ஆயிட்டா சார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகல" என்று அவர் சொன்னார்.

போனைக் கையில் எடுத்தார். தன் வாயிலிருந்து வரும் வாடை தனக்கே அடித்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது.

இதை அவர் வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை.

படித்தவர் என்பதால் மூன்றாம் மாதம் அவரை நூலக வேலைக்குப் போட்டார்கள். போன அன்றைக்கே அலமாரிகளைத் திறந்து பார்த்தார்.

"புத்தகத்தையெல்லாம் எந்த வரிசையில வச்சிருக்கே?" என்று கேட்டார்.

"வரிசை ஒண்ணும் கெடையாது சார். எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார் மாசாணம்.

"அப்படி வைக்கக் கூடாது. நாவல் தனியா, கவிதை தனியா இருக்கணும். அதுலயும் செவ்வியல் நூல்களைத் தனியா எடுத்து வைக்கணும்."

"செவ்வியல்னா என்னது சார்?"

"காலத்தைத் தாண்டி நிக்கிறது."

மாசாணம் அலமாரிகளை ஒருமுறை பார்த்தார். "இங்க இருக்க அத்தன பேரும் அந்த வேலையத்தான் சார் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

கேலி செய்கிறாரா என்று பேராசிரியர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி இல்லை.

ஒரு வாரம் கழித்து மேஜை இழுப்பறையில் ஒரு புத்தகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல். அவர் இருபத்தாறு வருஷம் பாடம் நடத்திய நாவல். சிறையில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. பஞ்சத்துப் புஸ்தகம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

கதை இதுதான். பெரும்பஞ்சத்தில் ஊர் காலியாகிறது. தாயையும் தகப்பனையும் பறிகொடுத்த மருதன் தன் தங்கை குருவம்மாளைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு நடக்கிறான். அங்கே கப்பல் ஏறினால் தோட்ட வேலை கிடைக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை, ஆறாம் நாள் அவளால் நடக்க முடியவில்லை. ஒரு வறண்ட குளத்தங்கரையில், மரத்தடியில் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். தூரத்தில் ஊற்று ஒன்று கிடைக்கிறது. பதினோராம் அத்தியாயம் இரண்டே வரியில் முடிகிறது: தண்ணீர் குடித்தான். பிறகு கிழக்கே நடந்தான்.

அதன் பிறகு முந்நூறு பக்கம் இருக்கிறது. மருதன் கடல் கடந்து போகிறான், கங்காணியாகிறான், வீடு கட்டுகிறான், பிள்ளை பெறுகிறான், கிழவனாகிச் சாகிறான். குருவம்மாள் என்ன ஆனாள் என்று அந்த முந்நூறு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

பேராசிரியர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருந்தன.

"இதுல முன்னுரை இருந்துச்சே, எங்க?"

"நாந்தான் சார் கிழிச்சேன்."

"ஏன்?"

"தேவைப்படல."

"மாசாணம், அந்த முன்னுரையை எழுதினவன் நான்."

மாசாணம் எழுந்து நின்றார். பிறகு சொன்னார்: "தெரியாமச் செஞ்சிட்டேன் சார்." கொஞ்சம் பொறுத்து, "தெரிஞ்சிருந்தாலும் கிழிச்சிருப்பேன்."

பதினான்கு பக்க முன்னுரை. பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது.

"அதுல என்ன தப்பு இருந்துச்சு?"

"தப்பு இல்ல சார். அவன் ஏன் திரும்பிப் போகலன்னு அதுல காரணம் எழுதியிருந்தீங்க. பஞ்சம், பசி, வெள்ளக்காரன் போட்ட வரி, அந்தக் காலத்துல பொம்பளப் பிள்ளைய எப்படிப் பாத்தாங்கன்னு எல்லாம். நானும் வாசிச்சேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"பின்ன?"

"ரெண்டு பேருக்கு இந்தப் புஸ்தகத்தக் குடுத்தேன் சார். ரெண்டு பேரும் அத வாசிச்சிட்டு நிம்மதியாப் போயிட்டாங்க. கதைய வாசிக்கவே இல்ல. அதான் கிழிச்சேன்."

அன்று முழுக்கப் பேராசிரியர் அவரிடம் பேசவில்லை. மறுநாள் அவராகவே ஆரம்பித்தார். நல்ல நாவலுக்கு ஏழு இலக்கணம் உண்டு என்று சொல்லி ஒவ்வொன்றாக விளக்கினார். வகுப்பில் சொல்வதுபோலவே, கையை ஆட்டி, உதாரணம் காட்டிச் சொன்னார். பாத்திரப் படைப்பு, காலச் சித்திரம், மொழி, மனித மேன்மை என்று வரிசையாக வந்தது. மாசாணம் கிழிந்த புத்தகம் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"இந்த ஏழும் இருந்தும் நல்லா இல்லாமப் போன புஸ்தகம் இருக்கா சார்?"

"இருக்கு. நிறைய இருக்கு."

"அப்ப இந்த ஏழையும் வச்சு என்ன சார் செய்ய?"

தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பேராசிரியர் மேஜைமேல் இருந்த பசைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முதல்முறையாக, நீங்க என்று கூப்பிட்டார்.

"அப்ப நீங்க சொல்லுங்க. எது நல்ல நாவல்?"

"எனக்கு எப்படிச் சார் தெரியும்? ஏசுவடியான்கிட்டக் கேளுங்க. மாட்டுக்கொட்டில்ல இருப்பான்."

ஏசுவடியான் முப்பத்தைந்து வயதுக்காரன். லாரியில் கிளீனராக இருந்தவன். மாமனாரைக் கிணற்றில் தள்ளிக் கொன்றதாக அவன்மேல் வழக்கு. சாட்சிகள் பல்டி அடித்துவிட்டார்கள். விடுதலை நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் மாசாணத்திடம் பஞ்சத்துப் புஸ்தகத்தை வாங்கிப் போனான். விசாரணை நாளில் நீதிபதி கேட்காமலே, நாந்தான் தள்ளினேன் என்று சொல்லிவிட்டான். ஆயுள் தண்டனை விழுந்தது. வக்கீல் சிறைக்கே வந்து மாசாணத்தைத் திட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகம் இழுப்பறைக்குப் போனது. கேஸ் முடியாதவர்களுக்கு மாசாணம் அதைக் கொடுப்பதில்லை.

பேராசிரியர் போனபோது ஏசுவடியான் சாணி அள்ளிக்கொண்டிருந்தான்.

"நீ அந்த நாவலை வாசிச்சுட்டுத்தான் ஒத்துக்கிட்டதா சொல்றாங்க. நெசமா?"

"ஆமா சார்."

"இப்ப வருத்தமா இல்லையா?"

"இருக்கு சார். தெனமும் இருக்கு. பையன் எட்டாப்பு படிக்கான். மனு போட்டுப் பாக்க வாரதே இல்ல." அவன் கூடையை இறக்கி வைத்தான். "பேசாம இருந்திருந்தா இந்நேரம் வீட்டுல இருந்திருப்பேன்."

"பிறகு ஏன் சொன்னே?"

ஏசுவடியான் கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவினான்.

"அந்தப் பிள்ள இன்னும் அங்கதான சார் உக்காந்திருக்கா?"

"எந்தப் பிள்ளை?"

"குருவம்மா. செத்தான்னு எழுதியிருந்தா அழுதுட்டு விட்டிருப்பேன். யாரும் தூக்கிட்டுப் போனான்னு எழுதியிருந்தா சந்தோசப்பட்டுட்டு விட்டிருப்பேன். ஒண்ணுமே எழுதலையே அந்த மனுசன். நான் புஸ்தகத்த மூடிட்டுப் படுத்தாலும் அவ அங்க உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கா. எங்க மாமா கெணத்துக்குள்ளயிருந்து ஒருவாட்டி எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு சார். எனக்கு ரெண்டும் ஒண்ணாப் போயிட்டு."

பேராசிரியர் அங்கிருந்து திரும்பி வந்து அலமாரிப் பக்கம் நின்றார். அவன் என்ன சொன்னான் என்று மாசாணம் கேட்கவில்லை.

"அவன் வாழ்க்கை போயிடுச்சே, மாசாணம். ஒரு நல்ல இலக்கியம் மனுஷனை இப்படியா பண்ணும்?"

"புஸ்தகம் ஒண்ணும் பண்ணல சார். கெணத்துல தள்ளுனது அவன்" என்றார் மாசாணம்.

அந்தக் கோடையில் மாசாணத்துக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் சத்தமாக வாசித்துக் காட்டுவது வழக்கம். நெசவுக்கூடத்தில் தறிகளுக்கு நடுவே முப்பது நாற்பது பேர் வந்து உட்காருவார்கள். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லி, மாசாணம் பேராசிரியரை வாசிக்கச் சொன்னார். கொடுத்தது பஞ்சத்துப் புஸ்தகம்.

"என் கேஸ் இன்னும் முடியலையே" என்றார் பேராசிரியர்.

"நீங்கதான் நாப்பது தடவ வாசிச்சவராச்சே சார். உங்களுக்கு என்ன ஆவப்போகுது?"

அவருக்குக் குரல் வளம் உண்டு. ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். ஊர் காலியாகும் இடத்தில் ஒரு கிழட்டுக் கைதி தேம்பி அழுதார். ஐந்தாவது ஞாயிறுக்குள் கூடத்தில் இடம் போதாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள். பேராசிரியருக்கு நெடுநாளைக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது. வகுப்பறைக்குத் திரும்பிவிட்டதுபோல இருந்தது.

ஆறாவது ஞாயிறு பதினோராம் அத்தியாயம்.

மரத்தடியில் குருவம்மாளை உட்காரவைக்கிற இடம் வந்தது. மருதன் தன் துண்டை விரித்து அதன்மேல் அவளை உட்காரவைக்கிறான். வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாகத் திருப்பி வைக்கிறான். நாற்பது தடவை வாசித்த இடம். அந்தத் துண்டு இத்தனை நாளும் அவர் கண்ணில் பட்டதில்லை. வகுப்பில் அதை அவர் தாண்டிப் போயிருக்கிறார். குரல் ஒரு நொடி தடுக்கியது. சமாளித்து வாசித்தார்.

தண்ணீர் குடித்தான். பிறகு கிழக்கே நடந்தான்.

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. பேராசிரியர் நிமிர்ந்தார். பழக்க தோஷத்தில் வாய் தானாகவே ஆரம்பித்தது.

"இங்க ஆசிரியர் என்ன உத்தியைக் கையாளுறார்னா..."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கைதி குறுக்கிட்டார். நடுத்தர வயது, முகத்தில் தழும்பு. எதற்காக உள்ளே வந்தவர் என்று பேராசிரியருக்குத் தெரியாது.

"சார், அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"அதை ஆசிரியர் சொல்லல."

"நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியும்லா? அதுக்கு ஏதும் ஆயிட்டா சார்?"

"ஒண்ணும் ஆகல" என்றார் பேராசிரியர்.

சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது. அதே சொல், அதே குரல். மழை, பள்ளம், திறந்திருந்த கண், அவளுடைய ஒரு கையில் கிடந்த கண்ணாடி வளையல், எல்லாம் அந்த வெயில் அடிக்கும் கூடத்தில் அவர் முன்னால் வந்து நின்றன. புத்தகம் கையில் இருந்தது. அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியைத் தேடினார். எழுத்துகள் தெரிந்தன. வாயில் வரவில்லை.

மாசாணம் எழுந்து வந்து புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு இது போதும்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

எல்லோரும் கலைந்து போன பிறகு இருவர் மட்டும் இருந்தார்கள். பேராசிரியர் தறிப்பலகையில் உட்கார்ந்திருந்தார். மாசாணம் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க காரை நிறுத்துனீங்க, இல்லையா சார்?"

பேராசிரியர் தலையை நிமிர்த்தவில்லை.

"எறங்கியும் பாத்திருக்கீங்க."

"நாய்னு நினைச்சேன், மாசாணம்."

"சரி சார்."

"மழை. ஒண்ணுமே தெரியல."

"சரி சார்" என்றார் மாசாணம். எழுந்து போய்ப் புத்தகத்தை இழுப்பறையில் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு முதல் ஏசுவடியான் எழுத்துக் கூட்டித் தத்தித் தத்தி மீதியை வாசித்தான். பேராசிரியர் தலைவலி என்று சொல்லிப் பிளாக்கிலேயே படுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. விபத்து நடந்ததையே அறியாதவர் நிற்காமல் போனதைக் குற்ற மனமாகக் கொள்ள முடியாது என்று கோர்ட் சொன்னது. கவனக்குறைவு மட்டும் நிரூபணமானது. அதற்கு ஏற்கனவே அனுபவித்த தண்டனை போதும் என்றது. தீர்ப்பு வாசிக்கும்போது பேராசிரியர் கூண்டில் நின்றார். கோர்ட்டின் கடைசி பெஞ்சில் செண்பகவல்லியின் தாய் உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷில் வாசித்த தீர்ப்பு அவளுக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா குனிந்து அவளுக்குத் தமிழில் சொன்னார். அவள் கேட்டுவிட்டுப் பேராசிரியரை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெரியாமல் நடந்துபோனது என்று அவள் நம்பியதுபோல இருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

விடுதலையாகும் அன்று நூலகத்துக்குப் போய்ச் சொல்லிக்கொண்டார்.

"போயிட்டு வாரேன் மாசாணம்."

"வாரேன்னு சொல்லாதீங்க சார். போறேன்னு சொல்லுங்க" என்றார் மாசாணம். சிரித்தார்.

வெளியே பேராசிரியருக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது. வீடு, ஓய்வூதியம், மாலை நடை. மனைவி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நண்பர்கள், கெட்ட காலம் தீர்ந்தது என்றார்கள். அவருடைய அலமாரியில் அந்த நாவலின் நான்கு பதிப்புகள் இருந்தன. ஒருநாள் ஒன்றை எடுத்து வாசிக்க உட்கார்ந்தார். பத்தாம் அத்தியாயம்வரை போனார். மறுநாளும் பத்தாம் அத்தியாயம்வரை போனார். ஒருநாள் அதைத் தாண்டிப் பன்னிரண்டிலிருந்து வாசித்துப் பார்த்தார். மருதன் கப்பலில் இருக்கிறான், சோறு பொங்குகிறான், பாட்டுப் பாடுகிறான். ஒரு வரிகூட உள்ளே போகவில்லை. அவனால் எப்படிச் சாப்பிட முடிகிறது என்றே தோன்றியது. அப்புறம் எழுந்து தானும் போய்ச் சாப்பிட்டார்.

தை மாதம் ஒரு இலக்கியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைப்பு, செவ்வியல் நாவல் என்பது எது. அவருடைய தலைப்புதான், எத்தனையோ தடவை பேசியது. மேடை ஏறி வணக்கம் சொல்லி, ஏழு இலக்கணம் உண்டு என்று ஆரம்பித்தார். முதல் இலக்கணம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எதிரே இருநூறு முகங்கள் பேனாவோடு காத்திருந்தன. உடம்பு சரியில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வயசாகிவிட்டது, உள்ளே போய் வந்த அதிர்ச்சி என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அவர் சிறைக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தார். யாரைப் பார்க்க வேண்டும், என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் சிறிது நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மாணவன் என்று எழுதினார். ஜன்னலில் இருந்த வார்டர் வாசித்துவிட்டு அவர் நரைத்த தலையைப் பார்த்தார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாசாணம் வந்து நின்றார். ஒரு கண்ணில் அறுவை செய்து கட்டுப் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அழுகையும் பேச்சுமாக இருந்தது.

"என்ன சார், இவ்வளவு தூரம்?"

"கண்ணு எப்படி இருக்கு?"

"ஒண்ணுல பாத்தாச்சு. இன்னொண்ணு அடுத்த மாசம்."

பேராசிரியர் வலையில் நெற்றி படுமளவு கிட்டே வந்தார்.

"நான் காரை நிறுத்தினேன், மாசாணம்."

"தெரியும் சார்."

"அவ உயிரோட இருந்தா. என்னைப் பார்த்து சைக்கிளுக்கு ஏதும் ஆயிட்டான்னு கேட்டா. நான் ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பக்கத்தில் ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கி உள்ளே இருந்த தகப்பனுக்குக் காட்டினாள்.

"இத ஏன் சார் எங்கிட்டச் சொல்லுதீங்க?" என்று மாசாணம் கேட்டார்.

"வேற யார்கிட்டச் சொல்ல?"

"அந்தப் பொண்ணுக்கு ஆள் யாரும் இல்லையா?"

"அம்மா இருக்கா. நாய்னு நினைச்சு வந்துட்டேன்னு நம்பிக்கிட்டு இருக்கா. என்னை மன்னிச்சுட்டான்னுகூட நினைக்கேன். போய்ச் சொன்னா அந்த நிம்மதியும் அவளுக்குப் போயிடும். சொல்லாம இருக்கிறதுதான் அவளுக்கு நல்லது. எல்லாக் கோணத்துலயும் யோசிச்சுப் பார்த்துட்டேன்."

"நல்லாத்தான் சார் யோசிச்சிருக்கீங்க. பதினாலு பக்கம் வரும்."

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று வார்டர் சத்தம் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்" என்றார் பேராசிரியர். "அன்னைக்கும் கேட்டேன், நீங்க பதில் சொல்லல. எது நல்ல நாவல்?"

மாசாணம் கட்டுப் போடாத கண்ணால் அவரைப் பார்த்தார்.

"அந்தப் புஸ்தகத்த இருபத்து மூணு தடவ வாசிச்சிருக்கேன் சார். அடுத்த வரி என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அந்த ஊத்துகிட்ட வரும்போது, இந்தத் தடவ திரும்பிருவான்னு தோணும். துண்டுல நனைச்சாவது எடுத்துட்டுப் போயிருவான்னு தோணும். கையெல்லாம் வேர்க்கும் சார் எனக்கு. ஒவ்வொரு தடவயும்."

"திரும்ப மாட்டான்."

"மாட்டான்."

"எத்தனை தடவை வாசிச்சாலும் திரும்ப மாட்டான், மாசாணம்."

"அவன் என்ன சார் செய்வான், பாவம்? அவன அச்சடிச்சுட்டாங்க."

மணி அடித்தது. மாசாணம் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். பேராசிரியர் கம்பி வலையைப் பிடித்தபடி நின்றார். நேரம் ஆயிடுச்சு, போங்க சார் என்று வார்டர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.